எண்ணப்படாத கால்கள்: கால்பந்துக் காணொளி விளையாட்டில் மெய்மை யாருடையது?

கால்பந்துக் காணொளி விளையாட்டுகளின் மெய்மை குறித்த விவாதம், ஆண்டுதோறும் புதிய பதிப்பு வெளிவரும் வேளையில் சூடுபிடித்து, சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. புல்லின் நிறமும் வியர்வையின் மினுமினுப்பும் நட்சத்திர வீரரின் முகச்சாயலும் பாராட்டப்படுகின்றன. திரும்பும் வீரரின் கால் தரையில் ஊன்றாமல் வழுக்குவதுபோல் தோன்றினால் நிறுவனம் கண்டிக்கப்படுகிறது. இவ்விவாதத்தில் பெரும்பாலும் கேட்கப்படாத வினாக்கள் இரண்டு உண்டு. திரையில் ஓடும் உடலின் அசைவு யாரிடமிருந்து எடுக்கப்பட்டது? ஆடும் பதினொருவரைத் தேர்ந்தெடுக்கும்போது நம்பப்படும் எண்களை யார், எதைப் பார்த்து இட்டனர்? மெய்மை என்பதைக் காட்சித் தரமாக மட்டும் கொள்வோர்க்கு இவ்வினாக்கள் புறத்தன்மையானவை. அளவிடப்பட்டவர் யார், விடுபட்டவர் யார் என்னும் அறிவியல் வினாவாகக் கொள்வோர்க்கோ இவையே மையம்.

இவ்வினாக்களைக் கேட்பதற்குக் கராச்சர்மா பொருத்தமான இடம். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரை ஒட்டித் தெற்கு அந்தமானில் அமைந்துள்ள ஊர் இது. தமிழும் வங்காளமும் இந்தியும் தெலுங்கும் மலையாளமும் பேசுவோர் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் தீவுச் சமூகத்தின் ஒரு துண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெறும் நிலம். மே மாதத்தில் தொடங்கும் மழை இரு பருவக்காற்றுகளின் வழியே டிசம்பர் வரை நீள்கிறது. கால்பந்து இத்தீவுகளில் வேரூன்றிய ஆட்டம். குறிப்பாகக் கார் நிக்கோபாரில் அது ஊர் வாழ்வின் பகுதி. அந்தமான் நிக்கோபார் அணி சந்தோஷ் கோப்பையில் ஆடியிருக்கிறது. ஆயினும் உலகச் சந்தையில் விற்கப்படும் பெரிய கால்பந்துக் காணொளி விளையாட்டு எதிலும் இந்நிலத்தின் அணி இல்லை. இந்நிலத்தின் மைதானம் இல்லை. வரைபடத்தின் விளிம்பிலிருந்து பார்க்கும்போதுதான் வரைபடம் எங்கே முடிகிறது என்பது தெரியும்.

முதலில் தொலைவைப் பற்றிப் பேச வேண்டும். அசைவின் மெய்மை திரைக்குள் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. கட்டளைக்கும் அசைவுக்கும் இடையிலான காலமும் அதில் அடக்கம். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் நிக்கோபார் கடலடி ஒளியிழை வடம் தொடங்கிவைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமும் 1,224 கோடி ரூபாய் மதிப்பும் கொண்ட அத்திட்டத்திற்கு முன், தீவுகளின் இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் இருப்பது. ஒரு கட்டளை மேலே சென்று கீழே இறங்கி, அதன் மறுமொழி மீண்டும் மேலே சென்று இறங்க, ஒளியின் வேகத்திலேயே ஏறத்தாழ 480 மில்லி நொடி ஆகும். நொடிக்கு 60 சட்டகங்கள் ஓடும் விளையாட்டில் இது ஏறத்தாழ 29 சட்டகங்கள். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் விரையும் முன்கள வீரர் அதற்குள் ஏறத்தாழ 4 மீட்டர் கடந்துவிடுவார்; ஆஃப்சைடு கோட்டை மீறுவதற்கும் மீறாமல் காப்பதற்கும் போதுமான தொலைவு அது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையிலான நேர்த்தொலைவு ஏறத்தாழ 1,350 கி.மீ. ஒளியிழையில் போய்வர அடிப்படைக் கணக்குப்படி 14 மில்லி நொடி போதும். அதாவது ஒரு சட்டகத்திற்கும் குறைவு. நடைமுறையில் இடைநிலைக் கருவிகளும் சேவையகத்தின் தொலைவும் இதைக் கூட்டும் என்பது உண்மையே. எனினும் தீவின் ஓர் இளைஞர் நிலப்பரப்பின் இன்னோர் இளைஞரோடு ஒரே காலத்தில் ஆடுவது என்பதே இவ்வடத்தின் பின்னர்தான் பொருளுடையதாயிற்று. உள்கட்டமைப்பு இல்லாத இடத்தில் மெய்மை என்பது வெறும் விளம்பரச் சொல்.

இனி, அசைவு எவ்வாறு உருவாக்கப்படுகிறது என்பதைக் காண்போம். 1989இல் டினோ டினி உருவாக்கிய ‘கிக் ஆஃப்’ விளையாட்டில் வீரர்கள் சில புள்ளிகளால் ஆன உருவங்களே. ஆனால் பந்து காலோடு ஒட்டிக்கொண்டிராது; ஓடும் திசையை மாற்றினால் பந்து தன் வழியே உருண்டுபோகும். காட்சியில் எளிமையான அவ்விளையாட்டு, பந்தும் உடலும் வேறுவேறு பொருள்கள் என்னும் கால்பந்தின் அடிப்படை உண்மையைப் பிடித்துவைத்திருந்தது. ‘ஃபிஃபா 97’இல் பிரெஞ்சு வீரர் டேவிட் ஜினோலாவின் உடலசைவுகள் பதிவுசெய்யப்பட்டுப் பயன்பட்டன. ஒரு தனிமனிதரின் ஓட்டமும் உதையும் எல்லா வீரர்க்கும் உரிய பொது அசைவாக மாறும் மரபு அப்போதே வலுப்பெற்றுவிட்டது.

2021இல் வெளிவந்த ‘ஃபிஃபா 22’ இம்மரபை விரிவாக்கியது. தொழில்முறை வீரர்கள் 22 பேர் உணரிகள் பொருத்திய உடைகளோடு ஒரு முழுப் போட்டியை ஆடினர். அப்பதிவுகளிலிருந்து 87 லட்சம் சட்டகங்களைக் கற்ற இயந்திரக் கற்றல் நிரல், ஓட்டத்தின் அடுத்த அடி எவ்வாறு விழ வேண்டும் என்பதை அவ்வப்போது எழுதியது. ‘ஹைப்பர்மோஷன்’ எனப் பெயரிடப்பட்ட இத்தொழில்நுட்பம் அவ்வாண்டு புதிய தலைமுறைக் கருவிகளுக்கு மட்டுமே கிடைத்தது. கணினிப் பதிப்பிற்குக்கூட வழங்கப்படவில்லை. 2023இல், பெயர் மாறி வந்த ‘ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24’, 180க்கும் மேற்பட்ட மேல்மட்ட ஆடவர், மகளிர் போட்டிகளின் முப்பரிமாணப் பதிவுகளைப் பயன்படுத்தியது. ஆய்வுக்கூடத்திலிருந்து உண்மையான போட்டிக்கு அளவீடு நகர்ந்தது முன்னேற்றமே. ஆனால் இந்தியாவில் இவ்விளையாட்டுகளை ஆடுவோரில் மிகப் பலர் கைப்பேசியில் ஆடுபவர்கள். அவர்களுக்குக் கிடைப்பது விலையுயர்ந்த கருவியின் அசைவன்று. அதன் சுருக்கப் பிரதி. ஆக, ‘இந்த ஆண்டு அசைவு எவ்வளவு மெய்யாக இருக்கிறது’ என்னும் வினாவுக்கு ஒரே விடை கிடையாது. கையிலுள்ள கருவியின் விலையைப் பொறுத்து விடை மாறும்.

இதற்குள் தொழில்நுட்பம் தீர்க்க இயலாத ஒரு முரண் உள்ளது. முழுவேகத்தில் ஓடும் மனிதர் நினைத்தவுடன் திரும்ப இயலாது. எடையை ஒரு காலில் இறக்க வேண்டும், இடுப்பைத் தாழ்த்த வேண்டும், ஓரிரு அடிகளில் வேகத்தைக் கொல்ல வேண்டும். இதை அப்படியே காட்டினால் ஆடுபவர் ‘விசை அழுத்தியும் திரும்பவில்லை’ எனச் சலித்துக்கொள்வார். விசைக்கு உடனே பணியும் வீரரைத் தந்தால் உடல் பொய்யாகிவிடும். உடலின் உண்மைக்கும் விரலின் விருப்பத்திற்கும் இடையே ஒவ்வொரு பதிப்பும் ஒரு சமரசத்தைச் செய்கிறது. அச்சமரசத்தில் விற்பனை விரலின் பக்கமே சாய்கிறது. எனவே வேகம் மிகைமதிப்புப் பெறுகிறது; நின்று நோக்கி விளையாடும் அறிவு குறைமதிப்புப் பெறுகிறது. திரையில் பல்லாயிரம் மணி நேரம் செலவிட்ட இளைஞர் மைதானத்தில் இறங்கும்போது, முடுக்கத்தையே திறமை எனக் கருதும் பழக்கத்தோடு இறங்குகிறார் என்றால் அதில் வியப்பில்லை.

அளவிடப்பட்ட உடல்கள் பெரும்பாலும் யாருடையவை? மழைநீர் வடியும் அமைப்புள்ள, சீராக வெட்டப்பட்ட புல்வெளியில் ஆடும் உயர்நிலைத் தொழில்முறை வீரர்களுடையவை. விளையாட்டுகளில் மழை உண்டு. ஆனால் அது பெரும்பாலும் காட்சியாகவும் பந்தின் உருளலில் சிறு மாற்றமாகவும் வருகிறது. தீவின் மழைக்கால மைதானத்தில் நிகழ்வது வேறு. தேங்கிய நீரில் தரைவழிப் பந்து பாதியிலேயே நின்றுவிடும். ஆகவே ஆட்டம் உயரப் பந்துக்கு மாறும். சேறு கனக்கும் காலோடு ஓடுபவர் குறுகிய அடிகளை எடுத்துவைப்பார். தடுப்பவர் சறுக்குவதைத் தவிர்த்து உடலை நிறுத்தித் தடுப்பார். வேகமான ஓர வீரரைவிட, பந்து எங்கே நின்றுபோகும் என்று முன்கூட்டி அறிபவர் அன்று மதிப்புடையவர். இது குறைபாடுள்ள கால்பந்து அன்று. தனக்குரிய அறிவுள்ள கால்பந்து. அவ்வறிவுக்குரிய அசைவு எந்தத் தரவுத்தொகுப்பிலும் இல்லை என்பதால் அது இயலாததாகவோ தாழ்ந்ததாகவோ ஆகிவிடாது. ஆனால் திரையை மட்டும் கண்டு வளரும் தலைமுறைக்கு அது கண்ணில் படாததாகிவிடும்.

அசைவைப் பற்றிய பேச்சில் பந்தைத் தொடும் காலையே எல்லோரும் பார்க்கின்றனர். மைதானத்தில் உள்ள 22 பேரில் ஒரு நேரத்தில் ஒருவரிடம் மட்டுமே பந்து இருக்கும். 90 நிமிட ஆட்டத்தில் ஒரு வீரர் பந்தைத் தன்வசம் வைத்திருக்கும் நேரம் மிகச் சில நிமிடங்களே. மீதி நேரமெல்லாம் அவர் இடத்தை உருவாக்குகிறார், அடைக்கிறார், பிறரை இழுத்துச் செல்கிறார். காணொளி விளையாட்டிலும் ஆடுபவர் ஒரு நேரத்தில் ஒருவரையே இயக்குகிறார். மற்ற பதின்மரை நிரலே இயக்குகிறது. ஆகவே அணியமைப்பு என்பது அப்பதின்மருக்கும் முன்கூட்டியே கொடுக்கப்படும் கட்டளை. 4-3-3 என்றோ 4-2-3-1 என்றோ தேர்ந்தெடுப்பது நிற்கும் இடத்தைக் குறிப்பது மட்டுமன்று; பந்து இழந்த கணத்தில் யார் முன்னேறி நெருக்குவது, யார் பின்வாங்குவது, பின்கள ஓர வீரர் ஏறிச் சென்றால் அவ்விடத்தை யார் காப்பது என்னும் உறவுகளின் தொகுப்பு. ‘எஃப்சி 25’ 50க்கும் மேற்பட்ட பாத்திரங்களை வகுத்து வீரர்க்கு இட்டமைக்கு இதுவே காரணம்.

இத்துறையில் மூத்த முயற்சி, 1992இல் கோலியர் சகோதரர்கள் வெளியிட்ட ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’. பின்னர் ‘ஃபுட்பால் மேனேஜர்’ எனப் பெயர்பெற்ற மரபு. தொடக்கத்தில் அதில் அசைவே இல்லை. போட்டி எழுத்து வருணனையாகவே ஓடியது. மேலிருந்து பார்க்கும் இருபரிமாணக் களம் 2003இலும், முப்பரிமாணக் களம் ‘ஃபுட்பால் மேனேஜர் 2009’ பதிப்பிலும் வந்தன. வட்டப் புள்ளிகள் நகர்ந்த அந்த இருபரிமாணக் களம், பல நூறு கோடி செலவில் உருவான வியர்வைத் துளிகளைவிடக் கால்பந்தின் உண்மைக்கு அருகில் இருந்தது எனத் துணிந்து கூறலாம். ஒரு புள்ளி இடம்பெயர்ந்தால் இன்னொரு புள்ளி ஏன் இடம்பெயர வேண்டும் என்பதை அது மறைவின்றிக் காட்டியது. பந்தில்லா நகர்வு, முன்னறிதல், கூட்டுழைப்பு ஆகியவற்றைத் தனித்தனிப் பண்புகளாக வகுத்து 1 முதல் 20 வரை மதிப்பிட்ட அம்மரபு, ‘நல்ல வீரர்’ என்னும் மங்கலான சொல்லை உடைத்து ஆராயக் கற்பித்தது. பயிற்றுநர் வாய்க்காத ஊரில் உள்ள மாணவருக்கு இது சிறு கொடையன்று. கால்பந்துக் காணொளி விளையாட்டுகளை வெறும் நேரவிரயம் எனத் தள்ளிவிடும் கல்விப்புலத்தார் இவ்வுண்மையை முதலில் ஏற்க வேண்டும்.

ஏற்றபின் கேட்க வேண்டிய கேள்வி, எண்ணின் எல்லையைப் பற்றியது. 1962 ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஜகார்த்தாவில், சையத் அப்துல் ரஹீம் பயிற்றுவித்த இந்திய அணி தென்கொரியாவை 2-1 என வென்று தங்கம் பெற்றது. பீட்டர் தங்கராஜும் இடம்பெற்றிருந்த அணி அது. தொடரின் நடுவே தலையில் காயமுற்றுத் தையல் போடப்பட்ட மையத் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை, ரஹீம் அரையிறுதியில் முன்கள வீரராக இறக்கினார். அரையிறுதியிலும் இறுதியிலும் ஜர்னைல் கோல் அடித்தார். இறுதியின் மற்றொரு கோல் பி.கே. பானர்ஜியுடையது. இன்றைய காணொளி விளையாட்டில் இம்முடிவை எடுத்தால், தனக்குரியதல்லாத இடத்தில் நிற்கும் வீரர் என நிரல் எச்சரிக்கும், அவருடைய மதிப்பெண்ணைத் தாழ்த்தும், அணியின் ஒத்திசைவைக் குறைக்கும். ரஹீம் கண்டதோ மதிப்பெண்ணை அன்று. காயத்தால் தடுப்பாட்ட மோதல்களுக்கு அனுப்ப இயலாத ஒருவரிடம், எதிரணித் தடுப்பரணைக் கலங்கடிக்கும் உடல்வலிமையும் மனத்திண்மையும் எஞ்சியிருப்பதை அவர் கண்டார். அணித்தேர்வு என்பது அறிந்த பண்புகளின் கூட்டலன்று. இன்னும் வெளிப்படாத பண்பின் மீது வைக்கும் நம்பிக்கை. கூட்டலை மட்டும் பழக்கும் விளையாட்டு, ரஹீம்களை உருவாக்காது; கணக்கர்களை உருவாக்கும்.

எண்ணுக்கு ஆதரவான வாதமும் வலுவானதே. எண் இல்லாத இடத்தில் சிபாரிசும் சாதியும் மாநகர்ச் செல்வாக்கும் தேர்வு செய்கின்றன. ஃபுட்பால் மேனேஜரின் தரவுத்தளத்தைப் பயன்படுத்த இங்கிலாந்தின் எவர்ட்டன் கழகம் 2008இல் ஒப்பந்தம் செய்தது. உலகின் மூலைமுடுக்கெல்லாம் உள்ள வீரர்களைப் பற்றி ஆர்வலர்கள் திரட்டிய குறிப்புகள் தொழில்முறைக் கழகத்திற்கே பயன்படுமளவு விரிந்திருந்தன. எண்ணப்படுதல் அறியப்படுதலின் முதற்படி என்பதை இது காட்டுகிறது. அப்படியெனில் சிக்கல் எண்ணில் இல்லை. எண்ணின் பரவலில் உள்ளது. ஐரோப்பிய முதல்நிலை வீரரின் மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான நிகழ்வுகளின் பதிவு நிற்கிறது. பார்வையாளர் குறைந்த தொடரின் வீரருக்கு இடப்படும் எண்ணுக்குப் பின்னால் நிற்பது பல வேளைகளில் ஊகமே. இரண்டும் திரையில் ஒரே எழுத்துருவில், ஒரே உறுதியோடு தோன்றுகின்றன. ஆய்வுலகில் பிழைவரம்பு குறிக்கப்படாத அளவீட்டை எவரும் ஏற்பதில்லை. இங்கு மட்டும் அது வழக்கமாகியிருக்கிறது.

இந்திய நிலையை எடுத்துக்கொள்க. ஐ.எஸ்.எல். எனப்படும் இந்தியன் சூப்பர் லீக் ‘ஃபிஃபா 22’இல்தான் முதன்முறை இடம்பெற்றது. 2015இலும் 2017-18 பருவத்திலும் அத்தொடரை வென்ற சென்னையின் எஃப்சி அவ்வாறே திரைக்குள் நுழைந்தது. வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ், நந்தகுமார் சேகர், குமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் போன்றோரின் தலைமுறைக்கு, தம் ஆட்டக்களம் உலகத் திரையில் தோன்றியது சிறு நிகழ்வன்று. ஆயினும் பெருநட்சத்திரங்களுக்குத் தனி ஓட்டநடை வடிக்கப்படுகையில், இத்தகைய தொடர்களின் வீரர்கள் பெரும்பாலும் பொதுநடையிலேயே ஓடுகின்றனர். பெயர் சொந்தம், உடல் இரவல்.

அத்தொடருக்குக் கீழே இறங்கினால் முழு இருள். 2018-19 இந்திய மகளிர் லீகை வென்றது மதுரையின் சேது எஃப்சி. தேசிய மகளிர் கால்பந்துச் சாம்பியன் பட்டத்தைத் தமிழ்நாடு 2018இலும் 2023இலும் வென்றது. கடலூரின் இந்துமதி கதிரேசனைப் போன்ற நடுக்கள வீராங்கனையர் இவ்வெற்றிகளின் ஊடாக உருவானவர்கள். மகளிர் தேசிய அணிகள் 2015இல் ‘ஃபிஃபா 16’ பதிப்பில்தான் முதன்முறை சேர்க்கப்பட்டன. அதன்பின் ஐரோப்பிய, அமெரிக்க மகளிர் தொடர்கள் ஒவ்வொன்றாக வந்தன. இந்திய மகளிர் தொடர் வரவில்லை. சந்தோஷ் கோப்பையில் ஆடும் அணிகளும் வரவில்லை. சந்தை இல்லாத இடத்தில் உரிமம் இல்லை, உரிமம் இல்லாத இடத்தில் அளவீடு இல்லை என்னும் தருக்கத்தில் வணிகப் பிழை எதுவுமில்லை. ஆனால் வணிகத்தின் எல்லையைக் கால்பந்தின் எல்லையாகக் கருதுவது அறிவுப் பிழை.

அணித்தேர்வின் மீது சந்தை செலுத்தும் செல்வாக்கு இதோடு முடிவதில்லை. ‘அல்டிமேட் டீம்’ போன்ற முறைகளில் வீரர்கள் அட்டைகளாக, உள்ளே யார் இருப்பார் எனத் தெரியாத பொட்டலங்களில் விற்கப்படுகின்றனர். 2018இல் பெல்ஜியம் இத்தகைய விற்பனையைச் சூதாட்டமெனக் கருதியது. 2019 தொடக்கத்தில் அந்நாட்டில் அதற்கான மெய்நிகர் நாணய விற்பனை நிறுத்தப்பட்டது. இருப்பதைக் கொண்டு எவ்வாறு ஆடுவது என்பதே பயிற்றுநர் கலையின் உயிர். இல்லாததைப் பணம் கொடுத்து வாங்கும் நிலையில் வியூகம் என்பது செலவுத்திறனாகச் சுருங்குகிறது. மழையிலும் காயத்திலும் பயணச்செலவிலும் சிக்கித் தன் பதினொருவரைத் தேடித் தேற்றும் தீவின் ஊர்க்கழகத்திற்கு அத்தகைய வியூகம் எதையும் கற்பிக்காது.

இவையனைத்தும் பொழுதுபோக்கைப் பற்றிய மிகைக்கவலை எனச் சிலர் கருதக்கூடும். அரசு அவ்வாறு கருதவில்லை. 2022 டிசம்பரில் மின்விளையாட்டுகள் பல்துறை விளையாட்டுப் போட்டிகளின் பகுதியாக இளைஞர் நலன், விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கால்பந்துக் காணொளி விளையாட்டு பதக்கப் போட்டியாக நடந்தது. 2025இல் இயற்றப்பட்ட இணைய விளையாட்டு மேம்பாடு, ஒழுங்குபடுத்தல் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து, மின்விளையாட்டை வேறுபடுத்தி ஊக்குவிக்கிறது. நாட்டின் பதக்கத்தோடு தொடர்புடைய ஒரு களத்தின் இயற்பியல் விதிகள் தனியார் நிறுவனத்தின் மூடிய நிரலில் உள்ளன; அவை ஆண்டுதோறும், சிலவேளை பருவத்தின் நடுவிலும் மாறுகின்றன. ‘ஃபிஃபா 23’ வீரர்களின் முடுக்கத்தை மூன்று வகையாகப் பிரித்தது. நெடிய உடலோடு மெல்லத் தொடங்கி நெடுந்தொலைவில் வேகமெடுக்கும் வகையினர் எல்லோரையும் முந்துவதைக் கண்ட போட்டியாளர்கள், அவ்வகையினரைத் தேடித் தம் அணியை நிரப்பினர். அடுத்த பதிப்பில் அவ்வகைப்பாடு ஏழாக விரிந்தது. முந்தைய ஆண்டின் அணித்தேர்வு அறிவு பெரும்பாலும் காலாவதியாயிற்று. அது கால்பந்தைப் பற்றிய அறிவாக இருந்திருந்தால் ஓராண்டில் காலாவதியாகியிருக்காது.

கல்விப்புலம் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, திறந்த கருவிகளின் பக்கம் திரும்புதல். ‘ஸ்டேட்ஸ்பாம்’ நிறுவனம் இலவசமாக வழங்கும் நிகழ்வுத் தரவுகளில் 2021-22 ஐ.எஸ்.எல். பருவமும் உள்ளது. 1997 முதல் நடந்துவரும் ரோபோகப் போட்டிகளின் இருபரிமாண உருவகப் பிரிவும், கூகுள் ஆய்வுப்பிரிவு திறந்த நிரலாக வெளியிட்ட கால்பந்துச் சூழலும், மூடிய நிரலுக்குள் மறைந்திருக்கும் விதிகளை மாணவர் தம் கையாலேயே எழுதி, மாற்றி, சோதிக்க இடமளிக்கின்றன. நீர் தேங்கிய களத்தில் தரைவழிப் பந்தின் வேகம் எவ்வளவு குறையும், அதற்கேற்ப எவ்வமைப்பு சிறக்கும் என்பது ஒரு முதுநிலை ஆய்வேட்டுக்குரிய வினா. வணிக விளையாட்டு இவ்வினாவைக் கேட்கப்போவதில்லை.

இரண்டாவது, உள்ளூர் அளவீடு. 180 போட்டிகளை முப்பரிமாணத்தில் பதிவதற்கு வேண்டிய பொருட்செலவு தீவுக்கு இல்லை. ஆனால் உயரமான ஓரிடத்தில் நிறுத்தப்பட்ட ஒரு கைப்பேசிக் கருவியும், களத்தின் நான்கு மூலைகளையும் அடையாளமாகக் கொண்டு வீரர்களின் இடத்தைக் கணிக்கும் திறந்த நிரல்களும் இன்று மாணவர்க்கு எட்டும் தொலைவில் உள்ளன. போர்ட் பிளேரின் ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் தீவு மையமும் அருகிலேயே இருக்கின்றன. நிலப்பரப்பில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் விளையாட்டு அறிவியல், பகுப்பாய்வு மையமும் உள்ளன. கடலடி வடம் திரைப்படத்தையும் பொட்டல அட்டையையும் தீவுக்குள் கொண்டுவருவதற்கு மட்டுமன்று. தீவின் தரவை வெளியே அனுப்பவும் பயன்படும். பதிவு செய்யப்படுவோரின் ஒப்புதலும், சிறாராயின் பெற்றோரின் ஒப்புதலும், தரவின் மீது ஊர்க்கழகத்திற்கு உரிமையும் இருக்க வேண்டும் என்பது இதில் விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை. பழங்குடியினர் வாழும் தீவுகளில் வெளியார் நடத்திய அளவீடுகளின் வரலாறு இந்நிபந்தனையை இன்னும் கடுமையாக்குகிறது.

மூன்றாவது, சொல். காணொளி விளையாட்டுகளால் வளர்ந்த வியூக அறிவு இன்று முழுவதும் ஆங்கிலப் பெயர்களில் உலவுகிறது. விளையாட்டை ஆடும் மாணவர் பாத்திரத்தின் பெயரை அறிவார்; அப்பாத்திரம் எதற்கு எனத் தம் தம்பிக்கோ தங்கைக்கோ விளக்கச் சொல்லற்றுத் தடுமாறுவார். நெருக்குதல், இடைவெளி காத்தல், பின்வாங்கிக் கட்டுதல், இழுத்துச் செல்லல் எனத் தமிழ் மைதானங்களில் ஏற்கெனவே வழங்கும் வினைகளைத் திரட்டி வரையறுத்தால், திரையில் கற்றதைத் தரையில் கற்பிக்க வழி பிறக்கும். கலைச்சொல் உருவாக்கம் அகராதிக்காக மட்டும் நிகழ வேண்டியதன்று; அடுத்த சனிக்கிழமை மாலைப் பயிற்சிக்காகவும் நிகழலாம்.

காணொளி விளையாட்டு கால்பந்தின் எதிரியன்று. கால்பந்தைப் பற்றிய ஒரு கருதுகோள். எந்தக் கருதுகோளையும் போல அதுவும் தனக்குப் பழக்கமில்லாத இடத்தில் சோதிக்கப்பட வேண்டும். போர்ட் பிளேரின் நேதாஜி மைதானத்தில் ஒரு மழைக்காலப் பருவத்தின் ஆட்டங்களை முறையாகப் பதிந்து, அவற்றில் வீரர்கள் உண்மையில் எவ்வாறு நகர்ந்தனர் என்பதையும், அதே அமைப்பில் திரையின் வீரர்கள் எவ்வாறு நகர்கின்றனர் என்பதையும் அருகருகே வைத்துக் காட்டும் ஓர் ஆய்வு, எந்த விளம்பரத்தையும்விட மெய்மையைப் பற்றி அதிகம் கூறும். அவ்வாய்வுக்குத் தேவையான கருவிகள் இன்று உள்ளன, வடம் உள்ளது, மாணவர்கள் உள்ளனர். கராச்சர்மாவிலிருந்தோ கார் நிக்கோபாரிலிருந்தோ வரும் ஒரு சிறுமி, திரையில் ஓடும் உடலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டுமா, அல்லது அவளுடைய ஓட்டமும் அளவிடத்தக்கது என அறிவுலகம் ஒப்புக்கொள்ளுமா என்பதே தீர்க்கப்படாத வினா.